இரட்டைப்படை ஞாயிறு

பிதெஷ்தி நகரில், வாகனத் தகுதிச் சோதனை நிலையத்தில்,
பதினேழு வருடமாக நான் செய்வது ஒரே வேலை:
ஓடும் என்று எழுதுவது, ஓடாது என்று எழுதுவது.
நடுவில் ஒரு கட்டம் எந்தப் படிவத்திலும் இல்லை.

செவ்வாய்க்கிழமை, மழை.
ஒரு டாச்சியா ஆயிரத்து முந்நூறு இருமிக்கொண்டே உள்ளே வந்தது.
உடம்பு வெள்ளை.
இடப்பக்கக் கதவுகள் இரண்டும் கடுங்காப்பி நிறம்.
ஓட்டி வந்தவர் ஹரலாம்பியே.
பக்கத்தில், மடியில் கைப்பையோடு, ஸம்ஃபிரா.
கணவன் மனைவியா என்று கேட்டுவிட்டேன்.
"ச்சீ," என்றாள், "எதிர்வீடு."

நம் நாட்டு வண்டி என்கிறோம்.
வரைந்தது பிரெஞ்சுக்காரன்.
மலையடிவாரத்தில் ஆலை எழுப்பி
அவன் சாயலை அச்சடித்தோம், பெயர் மட்டும் நமது:
ரோமிடம் தோற்ற பழைய தேசத்தின் பெயர்.
"தோற்றவன் பெயரை வைத்தால்
மேட்டில் திணறாமல் என்ன செய்யும்?" என்பான்
எங்கள் எலக்ட்ரீஷியன் ஒக்தாவ்.
அவனுடையதும் அதே வண்டிதான்.

பணத்தைக் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்தவர்கள்.
சாவி கைக்கு வருமுன்பே
கார்புரேட்டரைக் கழற்றக் கற்றவர்கள்.
பனிக்காலத்தில் பாட்டரியை நான்கு மாடி சுமந்துபோய்
தொட்டிலுக்குப் பக்கத்தில் படுக்கவைத்தவர்கள்.
வெள்ளை கேட்டால் காப்பி நிறம் வரும்.
வாங்கிக்கொள், இல்லை மறுபடி வரிசையில் நில்.
ஸம்ஃபிரா வாங்கிக்கொண்டாள்.

எண்பதுகளில் பெட்ரோலுக்கு ரேஷன்.
ஒரு ஞாயிறு ஒற்றைப்படை எண்கள் ஓடலாம்,
மறு ஞாயிறு இரட்டைப்படை.
அவர் எண் ஏழில் முடிந்தது, அவளுடையது இரண்டில்.
ஆகவே ஒவ்வொரு ஞாயிறும்
இரண்டு வீட்டார், எட்டுப் பேர், ஒரு தர்பூசணி, ஒரே வண்டி.
அவர் வண்டியில் அவள் சொல்வாள்: கிளட்ச் அழுகிறது.
அவள் வண்டியில் அவர் சொல்வார்:
பிரேக்கைக் கூப்பிட்டால்
யார் என்று கேட்டுவிட்டுத்தான் வருகிறது.

அந்த எட்டுப் பேரில் மூவர் இப்போது டூரினில்,
இருவர் சரகோசாவில், ஒருத்தி மண்ணில்.
இரண்டு வண்டிகளும் தேய்ந்து
ஒரு வண்டியாயின.
கீழே குனிந்து பார்த்தேன்:
சேஸிஸ் எண் அவருடையது, எஞ்சின் எண் அவளுடையது.
வெல்டிங் தழும்பு நடுவில் ஓடியது,
பிரித்துத் தைத்த வயிறுபோல.

மகன் புது லோகன் வாங்கித் தந்திருக்கிறானாம்.
அதே பெயர், வேறு பிறவி.
"நல்ல வண்டிதான்," என்றாள்.
"மலிவு என்று பிரெஞ்சுக்காரனே வாங்குகிறானாம் இப்போது.
ஆனால் மூடியைத் திறந்தால் இன்னொரு மூடி.
திட்டுவதற்குக்கூட ஒரு பாகம் பெயர் தெரியவில்லை."

உருளைமேல் ஏற்றினேன்.
இடது பிரேக்குக்கும் வலது பிரேக்குக்கும்
முப்பது சதவீத வித்தியாசம் வரை விதி பொறுக்கும்.
வந்தது முப்பத்தொன்று.
"அந்த ஒன்று யாருடையது?" என்று கேட்டாள் ஸம்ஃபிரா.
ஹரலாம்பியே ஜாக்கியை எடுத்துக்கொண்டு
மழைக்குள் போய் மல்லாந்தார்.
அவள் டார்ச் பிடித்தாள்.
நாற்பது நிமிடம் வசவு மட்டும் கேட்டது,
பாதி அவருக்கு, பாதி வண்டிக்கு.

மறுமுறை இருபத்தொன்பது.

உரிமையாளர் கட்டத்தில் ஒரு பெயருக்குத்தான் இடம்.
அவர் பெயர் இருந்தது.
அவள் எட்டிப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை,
சாவியை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.
"இன்று இரட்டைப்படை," என்றார் ஹரலாம்பியே என்னிடம்.
தேதி பதினொன்று.

வாசல்வரை போய் நின்றுவிட்டது.
அவர் இறங்கிப் பின்னால் போய்த் தோள் கொடுத்தார்,
ஸ்டியரிங்கில் அவள் கத்தினாள்.
ஓடும் என்று எழுதிய கையை மேலாடையில் துடைத்துக்கொண்டு
நானும் போய்த் தள்ளினேன்.